காரணத்துக்கும் மதிப்பெண் கொடுங்கள்: பேச்சுப்போட்டி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிகளிலும் தமிழ்மன்றங்களிலும் பேச்சுப்போட்டி, பட்டிமன்றம், சொற்போர் ஆகியவற்றை நடத்தும் அமைப்பாளர்களுக்கும், அவற்றில் நடுவர்களாக அமரும் என் சக ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

ஈரோடு மாவட்டத்துப் பள்ளிகளில் முப்பத்தோராண்டுகள் தமிழாசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். எத்தனை போட்டிகளுக்கு நடுவராக இருந்தேன் என்று கணக்கு வைத்துக்கொண்டதில்லை. வீட்டில் சேர்ந்த பொன்னாடைகளை எண்ணிச் சொல்லலாம் என்றால், அவற்றில் பாதி இப்போது தலையணை உறைகளாகிவிட்டன. இவ்வளவு காலம் அந்த நாற்காலியில் அமர்ந்தவன் என்ற உரிமையிலும், அங்கே அமர்ந்து நான் செய்த ஒரு பிழை இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது என்பதாலும் இந்த மடலை எழுதுகிறேன்.

அது ஒரு மாவட்ட அளவிலான போட்டி. ‘கைப்பேசியால் பெரிதும் விளைவது நன்மையா, தீமையா?’ என்பது தலைப்பு. வழக்கம்போலச் சீட்டுக் குலுக்கி அணி பிரித்தோம். தீமை அணியில் பேசிய பதினோராம் வகுப்பு மாணவன், கைப்பேசிக் கோபுரங்கள் வந்தபின் சிட்டுக்குருவிகள் மறைந்துபோனதைப் பற்றிப் பேசினான். முற்றத்தில் நெல் கொத்திய குருவியை விளித்து, அதன் கூட்டைக் கலைத்த பாவத்துக்கு மன்னிப்புக் கேட்டு, குரல் தழுதழுக்க அவன் முடித்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு தலைமையாசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்து நன்மை அணியில் ஒரு மாணவி வந்தாள். மனப்பாடம் செய்து வந்த பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, தங்கள் ஊரில் ஊராட்சி அலுவலகத்துக்குப் பின்னால் கோபுரமும் இருக்கிறது, அதற்கு எதிரே மளிகைக்கடைக் கூரையில் குருவிகளும் இருக்கின்றன என்றாள். குருவி குறைந்தது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் கோபுரம்தான் காரணம் என்று எப்படித் தெரியும் என்று கேட்டாள். கைப்பேசியால் மாணவர்களின் தூக்கம் கெடுகிறது என்று அந்த மாணவன் சொன்ன இன்னொரு காரணம் சரியானது, அதைத் தான் மறுக்கவில்லை என்றும் சொன்னாள். இதற்குள் மனப்பாடப் பேச்சின் இழை அறுந்துவிட்டது. இரண்டு இடங்களில் தடுமாறினாள்; மணி அடித்த பிறகும் அரை நிமிடம் பேசினாள். அவனுக்கு 50-க்கு 46 கொடுத்தேன். அவளுக்கு 29.

என் தாளில் கருத்து, மொழிநடை, உச்சரிப்பு, குரல்வளம், மேடைப்பாங்கு என ஐந்து கட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். இன்றும் பெரும்பாலான போட்டிகளில் ஏறத்தாழ இதே தாள்தான் புழங்குகிறது. இந்த ஐந்தில் நான்கு, சொன்னது எப்படிச் சொல்லப்பட்டது என்பதை அளக்கின்றன. எஞ்சிய ‘கருத்து’ என்னும் கட்டத்தில் நாம் என்ன பார்க்கிறோம் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிக்கொள்வோம்: எத்தனை மேற்கோள், எத்தனை கவிதை வரி, எத்தனை பெரியவர்களின் பெயர். மேற்கோள் பொருந்துகிறதா, அடுத்த வரி அதிலிருந்து பிறக்கிறதா என்பதை அளக்க அந்தத் தாளில் இடமே இல்லை. எதிரணியின் ஒரு காரணத்தை நேர்மையோடு ஏற்றுக்கொண்டவளுக்கு அங்கே கிடைத்தது, ‘தன் அணியைத் தானே பலவீனப்படுத்தினார்’ என்ற என் குறிப்புதான்.

அந்த மாணவனை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பேச்சை எழுதிக்கொடுத்தவர் அவனுடைய ஆசிரியராக இருந்திருப்பார்; நானும் அப்படி நூற்றுக்கணக்கில் எழுதிக்கொடுத்தவன்தான். ஆனால் அவன் முன்வைத்த காரணத்தைச் சற்று நிதானமாகப் பாருங்கள். கைப்பேசி வந்தது, குருவி போனது, ஆகவே கைப்பேசியால் குருவி போனது. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நம் பாட்டிமார்கள் எதற்காகச் சொன்னார்களோ, அதே தவறு இது. இந்தியாவில் முதல் கைப்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று பேசப்பட்டது. பிரிட்டனில் கைப்பேசிச் சேவை 1985-இல்தான் தொடங்கியது. ஆனால் அங்கே சிட்டுக்குருவிகள் 1970-களின் இறுதியிலிருந்தே குறைந்துவந்தன. 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் கடந்த 25 ஆண்டுகளில் சிட்டுக்குருவிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாகவே இருந்திருக்கிறது என்றும், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் குறைந்துவருகிறது என்றும் கூறியது. கூடு கட்ட இடுக்கு இல்லாத கட்டடங்கள், குஞ்சுகளுக்கு இரையாகும் பூச்சிகளின் குறைவு எனப் பல காரணங்களை அறிஞர்கள் ஆராய்கிறார்கள். எங்கள் போட்டி நடந்தபோது அந்த அறிக்கை வந்திருக்கவில்லை. ஆனால் மாணவியின் கேள்விக்கு அறிக்கை எதுவும் தேவைப்படவில்லை. தன் ஊர் மளிகைக்கடைக் கூரையை நிமிர்ந்து பார்த்திருந்தாள், அது போதுமானதாக இருந்தது. ஒரே ஒரு கூரையைக் கொண்டு கோபுரங்களால் கேடே இல்லை என்று முடிவுகட்ட முடியாது என்பதும் உண்மைதான். அவள் அப்படி முடிவுகட்டவுமில்லை.

இதைக் கற்பிக்க நாம் வெளியிலிருந்து புதிதாக எதையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை என்பதுதான் தமிழாசிரியனாகிய எனக்குப் பெரிய வெட்கம். மணிமேகலையின் 29-ஆம் காதையில், காஞ்சியில் பௌத்தத் துறவியான அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவையை, அதாவது ஒன்றை அறிந்து நிறுவும் முறையை, கற்பிக்கிறார். பௌத்தத்தின் உட்பொருளான பன்னிரு நிதானங்கள் (துன்பம் பிறக்கும் காரணத் தொடர்) 30-ஆம் காதையில்தான் வருகின்றன. அதாவது, எதை நம்ப வேண்டும் என்பதைச் சொல்வதற்கு முன்பு, சொல்லப்படுவதை எப்படிச் சோதிப்பது என்பதை அந்த ஆசிரியர் சொல்லிக்கொடுத்துவிடுகிறார். இம்மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகை இருப்பதால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. ஏது சரியானதாக இருக்க வேண்டுமானால் அது பேசப்படும் இடத்தில் இருக்க வேண்டும், ஒத்த இடங்களில் இருக்க வேண்டும், ஒவ்வாத இடங்களில் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மூன்று சோதனைகள் கூறப்படுகின்றன. மூன்றாவது சோதனைதான் உயிர்நாடி. நெருப்பே இல்லாத இடத்திலும் புகை எழுமானால், புகையைக் காட்டி நெருப்பை நிறுவ முடியாது. பிறகு, பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 என்று, காரணம்போலத் தோன்றிக் காரணமாகாதவை விரிகின்றன. இந்தப் பகுதியை நாங்கள் முதுகலை வகுப்பில் ‘கடினமான பகுதி, வினா வராது’ என்று சொல்லித் தாண்டிவந்தோம். நானும் என் மாணவர்களைத் தாண்டவைத்தேன்.

அந்தப் பதினான்கு ஏதுப்போலிகளில் ஒன்று, எழுவது புகையா, ஆவியா, பனியா என்ற ஐயம் நீங்காதபோதே அதைப் புகையென்று கொண்டு நெருப்பைத் துணிவது. இதைப் படிக்கும்போதெல்லாம் நம் ஊர்த் திண்ணைகளில் நாள்தோறும் ஒலிக்கும் ‘நெருப்பில்லாமல் புகையுமா?’ என்ற கேள்வி எனக்கு நினைவுக்கு வருகிறது. ஒரு பெண்ணைப் பற்றியோ, ஓர் அலுவலரைப் பற்றியோ, பக்கத்து ஊர்ச் சாதியினரைப் பற்றியோ ஏதாவது பேச்சு எழுந்தால், இந்த ஒரு பழமொழியே தீர்ப்பாகிவிடுகிறது. பழமொழியில் தவறில்லை. பார்த்தது புகைதானா, மார்கழிக் காலைப் பனியா என்று யாரும் போய்ப் பார்க்காததுதான் தவறு.

அதன் விலை என்ன என்பதை 2018 மே மாதத்தில் கண்டோம். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் செய்திகள் வட மாவட்டங்களில் பரவிக்கொண்டிருந்த நேரத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வ வழிபாட்டுக்காகக் காரில் வந்த சென்னைக் குடும்பம் ஒன்று வழியில் நின்றது. அவர்களுள் அறுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி, அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். கூடிய கூட்டம் அவரை அடித்துக் கொன்றது. அந்தக் கூட்டத்தின் மனத்தில் ஓடியதை வாதமாக எழுதிப் பாருங்கள்: பிள்ளை பிடிப்பவர்கள் மிட்டாய் கொடுப்பார்கள், இவர் மிட்டாய் கொடுத்தார், ஆகவே இவர் பிள்ளை பிடிப்பவர். மிட்டாய் கொடுப்பது பிள்ளை பிடிப்பவருக்கும் பொருந்தும், பேரப்பிள்ளைகளை நினைத்துக்கொள்ளும் எந்தப் பாட்டிக்கும் பொருந்தும். இப்படி இரு பக்கத்துக்கும் பொதுவாக நின்று எதையும் நிறுவாத ஏதுவை மணிமேகலை ‘சாதாரணம்’ என்று பெயரிட்டு வைத்திருக்கிறது. அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. அது கையின் வேகத்தைக் குறைத்தது. மனத்தின் வேகத்தைக் குறைக்க வேண்டியவர்கள் நாம்.

சாதாரணம் என்னும் இந்தப் போலியை என் சொந்த ஊர்ப்பக்கத்தில் இன்னொரு வடிவத்திலும் பார்த்தேன். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொங்குப் பகுதியெங்கும் ஈமு கோழிப் பண்ணை என்று விளம்பரங்கள் வந்தன. பணம் கட்டினால் பறவையும் தீவனமும் கொடுத்து, வளர்த்ததற்கு மாதந்தோறும் ஒரு தொகையும் தருவார்கள் என்றார்கள். என்னோடு பணியாற்றிய கணித ஆசிரியர் ஒருவர், வருங்கால வைப்பு நிதியில் கடன் எடுத்து முதலீடு செய்தார். ‘சார், எங்கள் மச்சானுக்கு ஏழு மாதமாகத் தேதி தவறாமல் பணம் வருகிறது. ஏமாற்றுகிறவன் ஏழு மாதம் கொடுப்பானா?’ என்று அவர் ஆசிரியர் அறையில் கேட்டபோது எங்கள் யாருக்கும் மறுமொழி தெரியவில்லை. நேர்மையான தொழிலும் மாதந்தோறும் பணம் கொடுக்கும். புதிதாகச் சேர்பவரின் பணத்தை எடுத்துப் பழையவருக்குக் கொடுக்கும் தொழிலும், ஆள் சேரும்வரை, மாதந்தோறும் பணம் கொடுக்கும். இரண்டுக்கும் பொதுவான ஒன்றைக் கொண்டு இது நேர்மையானது என்று முடிவுசெய்ய முடியாது. இரண்டையும் பிரித்துக் காட்டியிருக்கக்கூடிய கேள்வி வேறு: இந்தப் பறவையின் இறைச்சியை நம் ஊரில் வாங்கித் தின்பவர் யார்? பெருந்துறைச் சந்தையில் கேட்டிருந்தால் அரை நாளில் விடை தெரிந்திருக்கும். 2012 ஆகஸ்டு வாக்கில் எல்லாம் சரிந்தது. தீவனம் வாங்க முடியாமல் கைவிடப்பட்ட பறவைகள் பட்டியில் செத்துக் கிடந்ததைச் சாலையிலிருந்தே பார்க்க முடிந்தது. 1990-களில் நிதி நிறுவனங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டபின் முதலீட்டாளர்களின் நலனைக் காக்க 1997-இல் தமிழ்நாடு ஒரு தனிச் சட்டமே இயற்றியிருந்தது. சட்டம் இருந்தது, கணிதப் பட்டம் பெற்ற ஆசிரியரும் இருந்தார். அந்த ஒரு கேள்வியைக் கேட்கும் பழக்கம் மட்டும் எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவருக்கும் இருக்கவில்லை.

அந்தப் பழக்கத்துக்கு வேண்டிய மூலப்பொருள் நாள்தோறும் தெருவிலேயே கிடக்கிறது. நீட் பயிற்சி மையத்தின் பதாகையில் நாற்பது முகங்கள் சிரிக்கின்றன. சேர்ந்தவர்கள் நாற்பத்தைந்து பேரா, நாலாயிரம் பேரா என்பது பதாகையில் இல்லை. ‘எங்கள் தாத்தா தொண்ணூறு வயது வரை பீடி குடித்தார், ஒன்றும் ஆகவில்லை’ என்று ஒருவர் சொல்லும்போது, பீடி குடித்து நாற்பத்தைந்தில் போனவர்கள் வந்து மறுத்துப் பேசப்போவதில்லை. ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்கிறோம். ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே தீ என்பதால்தான் அது செல்லுபடியாகிறது, புழுங்கலும் பச்சரிசியும் கலந்துகிடக்கும் பானைக்கு அது ஆகாது. ஒரு மாநிலத்தவர் நால்வரைப் பார்த்து அந்த மாநிலத்தாரைப் பற்றியே பேசுபவரிடம் கேட்க வேண்டியது, அது எந்தப் பானை என்பதைத்தான். 2023 மார்ச் மாதத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பரவிய காணொளிகளில் வேறு இடங்களில் வேறு காரணத்துக்காக நடந்த சண்டைகள் இருந்தன. காட்சி உண்மையாக இருக்கலாம். அதன்கீழ் எழுதப்பட்ட வரி பொய்யாக இருக்கலாம். இரண்டையும் வேறுவேறாகப் பார்க்க ஒரு பத்தாம் வகுப்பு மாணவருக்கு ஒரே வகுப்பில் கற்றுக்கொடுத்துவிட முடியும்.

ஆனால் நம் மேடைகள் இதற்கு நேர்மாறானதைப் பயிற்றுகின்றன என்பதே என் குறை. பழைய இந்தியத் தருக்க மரபான நியாயத்தின் நூலார் உரையாடலை மூன்றாகப் பிரித்தார்கள். உண்மையைக் காண்பதற்காக இருவர் பேசுவது வாதம். வெல்வதற்காகப் பேசுவது செற்பம். தனக்கென ஒரு நிலைப்பாடும் இல்லாமல் எதிராளியை வீழ்த்த மட்டும் பேசுவது விதண்டை. நம் அன்றாடத் தமிழில் இம்மூன்றில் நிலைத்துவிட்டது விதண்டாவாதம் என்ற சொல் மட்டுமே என்பதில் ஏதோ ஒரு செய்தி இருப்பதாக எனக்கு அவ்வப்போது தோன்றும். சீட்டில் விழுந்த பக்கத்தை முழுமூச்சாகப் பேசி, எதிரணி சொன்னதில் எதையும் ஒப்புக்கொள்ளாமல், கைதட்டலில் முடிப்பது செற்பம். அது ஒரு நல்ல விளையாட்டுதான். அதில் திறமை வேண்டும், நானும் அதை ரசித்திருக்கிறேன். அதை மட்டுமே விளையாடி வளர்ந்த பிள்ளை, குடும்பத்தில் ஒரு முடிவெடுக்கும்போதும், மருத்துவர் சொன்னதற்கும் உறவினர் சொன்னதற்கும் இடையே தேர்ந்தெடுக்கும்போதும், தனக்கு ஏற்கெனவே விழுந்த சீட்டுக்குத்தான் காரணம் தேடும். பட்டிமண்டபம் என்ற சொல்லே மணிமேகலையின் முதல் காதையில் புகார் நகரத்து விழா அறிவிப்பில் வருகிறது. சமயவாதிகள் பட்டிமண்டபத்துக்கு முறையறிந்து ஏறுங்கள், பகைவரோடும் சினமும் கலகமும் செய்யாமல் விலகுங்கள் என்று அங்கே விழாவை அறிவிப்பவன் முரசறைகிறான். இன்றைய பட்டிமன்றத்தில், குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா, மனைவியா என்று இரண்டு மணி நேரம் கேட்டுவிட்டு, இருவருமே வேண்டும் என்று நடுவர் முடித்துவைக்கிறார். அது முதலிலேயே எல்லாருக்கும் தெரியும். தலைப்பு வைத்தவருக்கும் தெரியும்.

குறள் விஷயத்தில் நாம் செய்வது இன்னும் வேடிக்கையானது. ‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்’ என்ற 423-ஆம் குறளைச் சொல்லாமல் எந்தப் பேச்சும் தொடங்குவதில்லை. யார் சொன்னாலும் அப்படியே ஏற்காதே என்று கூறும் குறளை, வள்ளுவரே சொல்லிவிட்டார் என்பதற்காக நாம் ஏற்கிறோம். பிள்ளைகளும் அதை அப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். அதற்கு அடுத்துள்ள 424-ஆம் குறளை மேடையில் கேட்டதாக எனக்கு நினைவில்லை. தான் சொல்வதைக் கேட்பவருக்கு எளிதாகப் பதியும்படி சொல்லி, பிறர் சொல்வதிலுள்ள நுண்பொருளைக் காண்பது அறிவு என்கிறது அது. முதற்பாதிக்கு நம் தாளில் 40 மதிப்பெண் இருக்கிறது. ‘பிறர்வாய் நுண்பொருள்’ காண்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். அந்த 50 மதிப்பெண்ணை வேறுவிதமாகப் பங்கிடுங்கள். மொழிநடைக்கும் உச்சரிப்புக்கும் சேர்த்து 10, குரலுக்கும் மேடைப்பாங்குக்கும் சேர்த்து 10 என்று வைத்துக்கொண்டு, தன் முடிவுக்குக் கொடுத்த காரணம் உண்மையில் அந்த முடிவைத் தாங்குகிறதா என்பதற்கு 15, எதிரணி சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டு மறுமொழி சொன்னாரா என்பதற்கு 15 கொடுங்கள். ஒவ்வொரு பேச்சாளரும் தம் பேச்சைத் தொடங்குமுன், தமக்கு முன் பேசியவரின் மிக வலுவான காரணத்தை, அவரே ‘ஆம், நான் சொன்னது இதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும்படி இரண்டு வரிகளில் சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள். முதலில் இது பெருங்குழப்பமாக இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மனப்பாடம் செய்து வந்த பிள்ளைகள் திணறுவார்கள், எழுதிக்கொடுத்த ஆசிரியர்கள் நம்மீது கோபப்படுவார்கள். ஆனால் எழுதிக்கொடுக்க முடியாத பகுதி ஒன்று போட்டியில் இருந்தால்தான், கேட்பது என்ற வேலையே மேடைக்கு வரும். பேச்சு முடிந்ததும் இரண்டு நிமிடம் கேள்விக்கு ஒதுக்குங்கள். கேள்வி சிக்கலானதாக இருக்க வேண்டியதில்லை. ‘இது எப்படித் தெரியும்?’, ‘இது இல்லாத இடத்திலும் அது நடக்கிறதா?’, ‘எதைக் கண்டால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்?’ என்ற மூன்றே போதும். எதிராளியின் நல்ல காரணத்தை ஏற்று, அதற்கேற்பத் தம் நிலைப்பாட்டைத் திருத்திக்கொள்பவருக்கு மதிப்பெண் கூட வேண்டும். நான் செய்ததுபோலக் குறையக் கூடாது.

தலைப்புகளையும் மாற்ற வேண்டும். ‘அதுவா, இதுவா’ என்ற தலைப்பு, மூன்றாவது வழியே இல்லை என்று பிள்ளையின் மனத்தில் முதலிலேயே வேலி கட்டிவிடுகிறது. எங்கள் பகுதியில் பவானிசாகர் அணையிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி, 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாசனம் தரும் கீழ்பவானி வாய்க்கால் இருக்கிறது. அதற்குக் கான்கிரீட் தளம் அமைக்கும் திட்டத்தில் உழவர்களே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். கசிவு நின்றால் கடைமடைக்குத் தண்ணீர் சேரும் என்கிறது ஒரு தரப்பு. கசிவு நின்றால் வாய்க்காலை ஒட்டிய கிணறுகள் வற்றும் என்கிறது மறுதரப்பு. இரண்டும் வெறும் உணர்ச்சிப் பேச்சுகள் அல்ல. இரண்டுக்கும் பின்னால் அளந்து பார்க்கக்கூடிய காரணங்கள் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் திறப்பதற்கு முன்னும் பின்னும் கயிறு விட்டு அளந்துவந்து பேசலாம். ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒரு வாய்க்காலோ, சாலையோ, குப்பைக் கிடங்கோ இருக்கும்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியாதவை அல்ல. மேடைக்கூச்சம் போவதற்காகத்தான் பேச்சுப்போட்டி, அதில் போய்த் தருக்கத்தைத் திணிப்பதா என்று கேட்கலாம். தொடக்கப்பள்ளி அளவில் இது நியாயமான மறுப்பு. அங்கே பழைய தாளே இருக்கட்டும், நான் கேட்பது ஒன்பதாம் வகுப்பு முதல் மேலே. இன்னொரு மறுப்பு, பிள்ளைகள் வீட்டில் பெரியவர்களை எதிர்த்துக் கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார்கள் என்பது. கேட்கட்டும் என்பதுதான் என் நேர்விடை. ‘உங்களுக்கு எப்படித் தெரிந்தது, தாத்தா?’ என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. எப்படித் தெரிந்தது என்று சொல்ல முடிந்த தாத்தாவுக்கு அந்தக் கேள்வி பெருமைதான். என் பேத்தி என்னிடம் அப்படிக் கேட்ட இரண்டு முறையும் என்னிடம் விடை இல்லாமல் போனது என் குற்றம்.

மூன்றாவது அச்சம் என்னுடையதே. இதைத் தவறாகக் கற்றுக்கொடுத்தால், போலிகளின் பெயர்களை மனப்பாடம் செய்து எதிராளியின்மீது எறியும் ஒரு கூட்டத்தை உருவாக்கிவிடுவோம், அதுவும் விதண்டைதான். பனியைப் புகையென்று ஒருவர் மயங்கினார் என்பதால் மலையில் நெருப்பே இல்லை என்று ஆகிவிடாது. அவர் காட்டிய காரணம் போதாது என்பது மட்டுமே நமக்குத் தெரிந்திருக்கும். அதேபோல எல்லாவற்றையும் சந்தேகிப்பது கூர்மை என்று ஒரு நினைப்பும் இளையவர்களிடம் பரவியிருக்கிறது. தடுப்பூசியையும் நம்பாதே, வானிலை அறிக்கையையும் நம்பாதே, எல்லாம் சதி என்று பேசுபவர் தம்மைச் சிந்தனையாளர் என்றே கருதிக்கொள்கிறார். ஆராயாமல் தெளிவதும், ஆராய்ந்து தெளிந்தபின் ஐயப்படுவதும் இரண்டுமே தீராத துன்பம் தரும் என்று 510-ஆம் குறள், ஆளைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றிச் சொல்வது கருத்துக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். இதையும் வள்ளுவர் சொன்னார் என்பதற்காக ஏற்க வேண்டாம். ஈமு கோழியை நம்பிய என் நண்பர், அதற்குப் பின்பு அஞ்சலகச் சேமிப்பைக்கூட நம்ப மறுத்துப் பணத்தை வீட்டு அலமாரியில் வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகே எனக்கு அதன் பொருள் விளங்கியது.

வரும் தை மாதம் எங்கள் ஊர் நூலகத்தில் நடக்கவிருக்கும் பொங்கல் விழாப் போட்டிக்கு என்னை நடுவராக அழைத்திருக்கிறார்கள். புதிய மதிப்பெண் தாளோடுதான் வருவேன் என்று சொன்னேன். வாய்க்காலைத் தலைப்பாக வைக்க ஒப்புக்கொண்டார்கள். கேள்வி நேரத்துக்கு முதலில் தயங்கி, பிறகு ஒரு நிமிடம் என்று பேசி, கடைசியில் ஒன்றரை நிமிடத்தில் நிற்கிறார்கள். இரு தரப்பு உழவர்களிலும் சிலரை வந்து உட்காரும்படி கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் அளந்துவந்த கிணற்றின் ஆழம் சரிதானா என்று அவர்களுக்குத்தான் தெரியும். பொன்னாடை வேண்டாம் என்று எழுத்துமூலம் கொடுத்துவிட்டேன். உங்களில் யாரேனும் அந்தத் தாளைப் பயன்படுத்திப் பார்க்க விரும்பினால் அன்று வந்து ஒரு படி எடுத்துச்செல்லலாம். குறை இருந்தால் அதன் பின்பக்கத்திலேயே எழுதிக்கொடுங்கள், காரணத்தோடு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்.